மூலப்பத்திரம் பார்க்கிற மாதிரி ஒரு நாவல்: அமெரிக்கத் தெற்கின் குடும்பக் கதைகளை வாசிப்பது எப்படி

சேலத்தில் 31 வருடம் பத்திரம் எழுதினேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மர மேஜை, இரண்டு ஸ்டூல், பின்னாளில் ஒரு கம்ப்யூட்டர். கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், உயில் என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு குடும்பங்களின் உள்வீட்டு விஷயம் அந்த மேஜைக்கு வந்து போகும். மேஜையை மூடிய பிறகு நான் படிக்கத் தொடங்கியது அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றிய பழைய காலத்து நாவல்கள். சின்ன ஊர், ஒரு பெரிய வீடு, மூன்று தலைமுறை, யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு சங்கதி. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இந்தப் பழக்கம் அக்கா மகளால் வந்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள், தன் பாடப் புத்தகம் ஒன்றை எங்கள் அம்மாபேட்டை வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். எடுத்துப் படித்தேன். 40 பக்கத்தில் நிறுத்திவிட்டேன். யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்கு இது ஓடலை கண்ணு" என்றேன். "மாமா, ஒரு மூலப்பத்திரம் வந்தா எப்படிப் பாப்பீங்களோ அப்படிப் பாருங்க" என்றாள்.

அப்படிப் பார்த்தபோது புத்தகம் திறந்துகொண்டது. பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான்கு அண்ணன் தம்பிகள் வந்து நின்றால், வந்தவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் வராதவர் யார் என்று பார்ப்போம். ஒரு அக்காவோ தங்கையோ பத்திரத்தில் பெயரே இல்லாமல் விடுபட்டிருப்பார். பத்து வருடம் கழித்து அந்த இடத்திலிருந்துதான் வில்லங்கம் கிளம்பும். அமெரிக்கத் தெற்கின் குடும்ப நாவல்களிலும் ரகசியம் பெயர் இல்லாத இடத்தில்தான் இருக்கிறது. பெயர் இல்லாதவரை முதல் பக்கத்திலிருந்தே தேடிக்கொண்டு போவதுதான் நான் கற்றுக்கொண்ட வாசிப்பு முறை. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் உட்கார்ந்து படிக்கிறோம்: நான், அக்கா மகள், அஸ்தம்பட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். ஒரு நாவலுக்கு ஐந்து ஆறு வாரம் ஆகும். எங்களுக்குப் பலன் தந்ததை எழுதுகிறேன்.

எதில் தொடங்குவது

பெரிய நாவலில் தொடங்க வேண்டாம். கேட் ஷோபன் 1893ல் வெளியிட்ட "டெசிரேஸ் பேபி" என்ற சிறுகதையில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உள்நாட்டுப் போருக்கு முந்தைய லூசியானா, ஒரு பண்ணை வீடு, கண்டெடுத்து வளர்க்கப்பட்ட ஒரு பெண், அவளுக்குப் பிறந்த குழந்தை. முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். படித்து முடித்ததும் அப்படியே முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படியுங்கள். கணவன் குடும்பத்தைப் பற்றி இரண்டு மூன்று வரிகளை ஆசிரியர் எவ்வளவு சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரியும். இந்த வகை எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கு அந்தச் சில பக்கங்கள் கற்றுக்கொடுத்தன.

அடுத்து ஹார்ப்பர் லீயின் "டு கில் எ மாக்கிங்பேர்ட்". 1960ல் வந்தது, மறு வருடம் புலிட்சர் பரிசு. சிறுமி ஒருத்தி சொல்வது போன்ற நடை என்பதால் ஆங்கிலம் பயமுறுத்தாது. அலபாமாவில் லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில் என்ற சிற்றூர்தான் நாவலில் மேகோம்பு ஆகியிருக்கிறது. மூன்றாவதாக மார்கரெட் வாக்கரின் "ஜூபிலி", 1966. இதைத் தயவு செய்து தவற விடாதீர்கள். தன் கொள்ளுப்பாட்டியின் வாழ்க்கையை, பாட்டி வாய்மொழியாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்து, பல வருடம் ஆவணங்களையும் தேடி வாக்கர் எழுதிய நாவல் இது. பெரிய வீட்டின் சமையலறைப் பக்கமிருந்து கதை நடக்கிறது. வீட்டின் முன்வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியாதது எல்லாம் சமையலறைக்குத் தெரியும்.

வில்லியம் ஃபாக்னரைக் கடைசியில் வையுங்கள். 1949ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். மிசிசிப்பியில் தான் வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஊரை வைத்து ஜெஃபர்சன் என்று ஒரு ஊரையும் அதைச் சுற்றி ஒரு மாவட்டத்தையுமே கற்பனையில் கட்டினார். 1936ல் வந்த அவருடைய "அப்சலாம், அப்சலாம்!" நாவலில் ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடும். ஒரே குடும்பத்தின் கதையை நான்கு பேர் சொல்வார்கள், ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. புத்தகத்தின் கடைசியில் அவரே ஒரு கால அட்டவணையும் ஆட்கள் பட்டியலும் வரைபடமும் சேர்த்திருக்கிறார். நாவலை முடிக்கும் முன் அந்தப் பக்கங்களைத் திருப்பாதீர்கள், விஷயம் உடைந்துவிடும். முடித்த பிறகு அவசியம் பாருங்கள். அட்டவணையும் நாவலும் சில இடங்களில் ஒத்துப்போகாது. பத்திரத்தின் உடலுக்கும் சொத்து விவரத்துக்கும் கணக்கு இடித்தால் நாங்கள் எவ்வளவு உஷாராவோமோ அவ்வளவு உஷாராக நான் அதை உட்கார்ந்து ஒப்பிட்டேன். என் வாசிப்பு வாழ்க்கையின் மிக நல்ல இரண்டு நாட்கள் அவை.

மஞ்சள் நோட்டும் நம் உறவு முறையும்

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். என்னுடையது மஞ்சள் அட்டை. முதல் பக்கத்தில் குடும்பக் கொடியைப் பென்சிலால் மட்டும் வரையுங்கள், பேனா வேண்டாம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆன்ட் என்று ஒரே சொல். நமக்கு அது அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா என்று தெரிந்தாக வேண்டும். அங்கிள் என்றால் சித்தப்பாவா, பெரியப்பாவா, தாய்மாமனா? கசின் என்றால் பங்காளியா, முறைப் பெண்ணா? அதனால் ஆங்கில உறவுச் சொல் வரும்போதெல்லாம் தமிழ் முறையாக மாற்றி நோட்டில் எழுதுங்கள். மாற்ற முடிந்தால் சரி. மாற்ற முடியாமல் தடுக்கிறதா? அப்பா வழியா அம்மா வழியா என்று நாவல் சொல்லவே மாட்டேன் என்கிறதா? பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுப் பக்க எண்ணை எழுதுங்கள். ஒரு நல்ல நாவலில் அந்தக் கேள்விக்குறிகளில் பாதியாவது பின்னால் பேசும்.

இதில் நான் விழுந்த ஒரு குழியையும் சொல்ல வேண்டும். தெற்கின் வெள்ளையர்கள் வயதான கறுப்பினப் பெண்களையும் ஆண்களையும் ஆன்ட் என்றும் அங்கிள் என்றும் பெயருக்கு முன்னால் சேர்த்துக் கூப்பிட்டார்கள். பாசம் போலத் தோன்றும். மிஸ்டர், மிசஸ் என்ற மரியாதைச் சொல்லை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காக வைத்திருந்த வழக்கம் அது. எனக்கு இது தெரியாது. ஒரு நாவலில் சமையல்காரப் பாட்டியை அத்தை என்று கொடியில் சேர்த்துவிட்டேன். அக்கா மகள் பார்த்துவிட்டு விளக்கிச் சொன்னாள், அழித்தேன். 200 பக்கம் தாண்டியபோது அந்தப் பாட்டியின் மகனுக்கும் பெரிய வீட்டு மகனுக்கும் அப்பா ஒருவர்தான் என்று வந்தது. அழித்த இடத்திலேயே, வேறு கிளையில், மறுபடி அவர் பெயரை எழுதினேன். அன்று முதல் எனக்கு ஒரு விதி: கூப்பிடுகிற முறையைத் தனியாகவும் ரத்த உறவைத் தனியாகவும் குறிக்க வேண்டும். கூப்பிடுகிற முறைக்குப் புள்ளிக் கோடு, ரத்த உறவுக்கு முழுக் கோடு.

யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை நாமே நன்றாக அறிவோம். வயதில் பெரியவரை வா போ என்று ஒரு சின்னப் பையன் பேசினால் அதில் ஒரு ஊரின் வரலாறே இருக்கிறது. அந்தக் காதோடு இந்த நாவல்களைப் படியுங்கள். 50 வயதுக் கறுப்பின ஆளை பாய், அதாவது பையா, என்று கூப்பிடும் இடத்தில் நில்லுங்கள். திருமணமான பெரிய வீட்டுப் பெண்ணையும் மிஸ் என்று சேர்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒரு மரியாதை. அது கறுப்பினப் பெண்களுக்குக் கிடைக்காது.

நோட்டின் இரண்டாம் பக்கம்: வருடங்கள்

வரலாற்று நாவலில் சட்டம் தெரியாமல் ரகசியம் புரியாது. எதை மறைக்க வேண்டியிருந்தது என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கிறது.

வர்ஜீனியாவில் 1662ல் ஒரு சட்டம் போட்டார்கள். பிள்ளை அடிமையா, சுதந்திரமானவரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று அது சொன்னது. ஆங்கிலேயர் வழக்கத்தில் மற்ற எல்லாம் தகப்பன் வழியில் போகும். இதை மட்டும் தாய் வழிக்கு மாற்றினார்கள். பண்ணை எஜமானுக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த பெண்ணுக்கும் பிறக்கிற பிள்ளை அவருக்கு வாரிசாக ஆகாது, சொத்தாகத்தான் சேரும். ஒரே வரியில் தகப்பனை ஆவணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இதே முறை தெற்கு முழுவதும் நிலைத்தது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வரி எழுதினால் ஒரு தலைமுறை என்ன ஆகும் என்று தெரிந்த தொழில் எனக்கு.

உயில்களும் அப்படித்தான். எஜமான் இறந்தால் சொத்துப் பட்டியலில் குதிரை, ஏர், கட்டில், நாற்காலியோடு மனிதர்களும் விலையோடு வருவார்கள். பாகம் பிரிக்கும்போது தாய் ஒரு மகனுக்கும் அவள் குழந்தை இன்னொரு மகனுக்கும் போகும். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. உடைமையாளரின் பெயர் இருக்கும், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பொதுவாகப் பெயர் கிடையாது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. போர் முடிந்ததும் பலர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த துணையோடு திருமணத்தைப் பதிவு செய்ய வரிசையில் நின்றார்கள். பிரிக்கப்பட்ட அம்மாவையும் பிள்ளையையும் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். இப்படி ஒரு காட்சி நாவலில் வந்தால் வேகமாகப் புரட்டாதீர்கள்.

மற்ற வருடங்களை நான் இரண்டு பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன், இடது பக்கம் அவர்கள் ஊர், வலது பக்கம் நம் ஊர். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். 11 தென் மாநிலங்கள் பிரிந்து போயின. அங்கே துறைமுகங்கள் முற்றுகையில் அடைபட்டதால் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் பருத்திக்கு இந்தியாவைத் தேடின. மதராஸ் மாகாணத்திலும் பருத்தி விலை ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது. 1865 டிசம்பரில் அடிமைமுறை அரசியல் சட்டப்படி ஒழிந்தது. போருக்குப் பிறகு தெற்கில் காவலுக்கு நின்ற வடக்கின் ராணுவம் 1877ல் தெற்கைக் கைவிட்டது. இங்கே அப்போது தாது வருஷப் பஞ்சம், சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. 1896ல் நிறவாரியாகப் பிரித்து வைப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, 1954ல் பள்ளிகளில் செல்லாது என்றது. ஹார்ப்பர் லீயின் கதை நடக்கும் 1930களின் நடுப்பகுதி, மேட்டூர் அணை திறந்த 1934ஐ ஒட்டிய காலம். 1964, 1965ல் குடிமை உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்வதை எந்த மாநிலமும் தடுக்க முடியாது என்று ஆனது 1967ல். அதுவரை 16 மாநிலங்களில் தடை இருந்தது.

இந்த ஒரு பக்கம் இருந்தால், நாவலில் 1920 என்று வருடம் போட்டு இரண்டு பேர் ஆற்றங்கரையில் சந்திக்கும்போது அவர்கள் ஏன் ஊருக்குப் பயப்படுகிறார்கள், பிறக்கப்போகிற குழந்தையை ஏன் தூரத்து அத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று யாரும் விளக்காமலே புரியும்.

ஊரை வாசிப்பது

பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவோம், செக்குபந்தி என்று சொல்வோம். கிழக்கே யார் வீடு, மேற்கே எந்த வண்டிப்பாதை. தெற்கின் சிற்றூரையும் அப்படி ஒரு படமாக வரைந்துகொள்ளுங்கள். நடுவில் கோர்ட்டுக் கட்டடம், அதைச் சுற்றிச் சதுக்கம், கடைகள், தேவாலயங்கள், ரயில் பாதை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். தேவாலயம் இரண்டு இருக்கும், கல்லறைத் தோட்டமும் இரண்டு இருக்கும். நிலப் பத்திரமும் உயிலும் அந்த மாவட்டக் கோர்ட்டில்தான் இருக்கும் என்பதால் நாவலில் கோர்ட்டு எரிந்துபோனது என்று வந்தால் அதை வெறும் விபத்தாகக் கடக்க வேண்டாம். போரிலும் பிறகும் தெற்கில் உண்மையிலேயே பல கோர்ட்டுகள் எரிந்து பதிவேடுகள் போயின. எரிந்தது யாருக்கு வசதியாக இருந்தது என்று கேளுங்கள்.

சதுக்கத்தில் தெற்குப் படையின் போர்வீரர் சிலை ஒன்று நிற்கும். போர் முடிந்த கையோடு வைத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட சிலைகளில் பெரும்பாலானவை 1890களுக்குப் பிறகு, நிறப் பிரிவினைச் சட்டங்கள் இறுகிய காலத்தில் எழுப்பப்பட்டவை. நாவல் நடக்கும் வருடத்தில் அந்தச் சிலை பழையதா புதியதா என்பதே ஊரின் மனநிலையைச் சொல்லும். செடிகொடிகூட வருடம் சொல்லும். குட்ஸு என்ற கொடி, நம் சேர்வராயன் மலையில் உண்ணிச்செடி பரவிக் கிடக்கிற மாதிரி அங்கே வீட்டையே மூடிக்கொண்டு வளரும். ஜப்பானிலிருந்து 1876ல் கண்காட்சிக்கு வந்து, 1930களில் மண் அரிப்பைத் தடுக்க அரசே நடச் சொன்ன கொடி அது. 1860ல் நடக்கும் கதையில் குட்ஸு மூடிய வீடு வந்தால் ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம்.

வீட்டின் முன்னால் போர்ச் இருக்கும். அகராதி பார்க்காதீர்கள், அது திண்ணை. திண்ணையில் என்ன பேசலாம், உள்ளே போய் என்ன பேச வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். திண்ணையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் நடந்து போனதும் பேச்சை நிறுத்தினால், நடந்து போனவர் பெயரை நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு உழுவது என்று நாம் சொல்கிற ஏற்பாடுதான் ஷேர்கிராப்பிங். விதையும் ஏரும் கடனுக்கு, விளைச்சலில் பங்கு, கணக்குப் புத்தகம் நிலக்காரரிடம். இதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விருந்து வரும் பக்கங்களில் சமைத்தது யார் என்று கேட்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பண்ணை வாழ்க்கையைச் சொர்க்கம் போலக் காட்டும் பழைய நாவல்கள் நிறைய உண்டு. நிலவொளி, மலர்கள், நடனம். சமைத்தவர், துவைத்தவர், பால் கொடுத்து வளர்த்தவர் பெயரோடும் குடும்பத்தோடும் வருகிறாரா என்று பார்த்தாலே அந்த நாவல் எதை மறைக்கிறது என்று தெரிந்துவிடும். சில நேரம் ரகசியத்தைக் காப்பாற்றுவது பாத்திரங்களாக இருக்காது, நாவலாசிரியராகவே இருப்பார்.

ஆங்கிலம் கடினமாக இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள். தெற்கத்தி உச்சரிப்பை எழுத்திலேயே கொண்டுவருவதால் கண்ணுக்குத் தெரியாத சொல் காதுக்குத் தெரியும். யால் என்றால் நீங்கள் எல்லோரும். ப்ளெஸ் யுவர் ஹார்ட் என்று யாராவது சொன்னால் வாழ்த்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் "நல்லா இருப்ப, போ" என்று சொல்லும்போது எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று பார்ப்போமே, அப்படி. லீயின் நாவலில் சமையல்காரர் கல்பர்னியா பெரிய வீட்டில் ஒரு மாதிரியும் தன் தேவாலயத்தில் வேறு மாதிரியும் பேசுவதைக் குழந்தைகள் கவனித்துக் கேட்கும் இடம் உண்டு. வீட்டில் ஒரு தமிழ், ஆபீசில் ஒரு தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கம் தனியாகப் பேசும். இழிசொற்கள் அச்சில் வரும். கண்ணால் படிப்போம், சேர்ந்து உரக்கப் படிக்கும்போது அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். டீச்சர் வைத்த வழக்கம் அது, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அதே பெயர், வேறு சர்வே எண்

படிக்கப் படிக்க நம் ஊர் ஞாபகம் வரும். வராமல் இருக்காது. தனிச் சுடுகாடு, தனிக் குவளை, பின்வாசல், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். ஏற்காட்டு மலையில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் தொடங்கிய காப்பித் தோட்டங்களும் கூலிக்கு ஏறிப்போன மக்களும் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்த ஞாபகம் வாசிப்புக்குள் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப் போகட்டும். ஆனால் நிறத்தைச் சாதி என்று அப்படியே எழுதிக்கொண்டால் கதை தப்பாகிவிடும். அங்கே மனிதரைச் சந்தையில் ஏலம் விட்டுத் தாய் பிள்ளையைப் பிரித்த ஒரு வரலாறு இருக்கிறது, தோலில் தெரிகிற ஒரு அடையாளம் இருக்கிறது, வெள்ளையராகவே தோன்றும் ஒருவர் ஊர் மாறி வெள்ளையராக வாழ்ந்துவிடும் கதைகள் இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருப்பார்கள், சர்வே எண்ணைப் பார்க்காமல் கிரயம் எழுதக் கூடாது.

இரண்டாம் முறையும், நம் வீட்டுப் பரணும்

முடித்த நாவலை ஒரு மாதம் விட்டு மறுபடி முதல் 30 பக்கம் மட்டும் படியுங்கள். அதில் கல்லறை, குடும்ப பைபிள், புகைப்படம் மூன்றையும் தேடுங்கள். பிறப்பு, திருமணம், இறப்பை அந்தக் குடும்பங்கள் பைபிளின் உள்பக்கங்களில்தான் எழுதி வைப்பார்கள். சுரண்டப்பட்ட பெயரும் கிழிந்த பக்கமும் முதல் முறை படிக்கும்போது கண்ணில் பட்டிருக்காது. சாவு வீட்டுக் காட்சியில் அக்கம்பக்கத்தார் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவருவார்கள். வேலிக்கு வெளியே நின்றுவிட்டுப் போகிறவர் யாராவது உண்டா என்று பாருங்கள்.

அப்படி ஒரு காட்சியில்தான் நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். 1974ல் என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், இறந்தபோது எனக்கு 12 வயது. ஒரு பெண் கோடித் துணியோடு வந்து வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. அம்மா வெளியே போய்த் துணியை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். கோடி பிறந்த வீட்டு உறவுதானே கொண்டுவரும்? அந்த வயதில் எனக்கு அது கேள்வியாகத் தோன்றவில்லை. அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பேரேடு ஒன்று எங்கள் பரணில் தகரப் பெட்டியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 1951 முதல் மாதா மாதம் ஒரு வரி: "கு. — 8 ரூ." மளிகைக்கும் பால்காரருக்கும் முழுப் பெயர் எழுதியவர், அந்த ஒரு வரிக்கு மட்டும் ஓர் எழுத்தோடு நிறுத்தியிருந்தார். 31 வருடம் அடுத்தவர் பத்திரத்தில் தேடினேன், என் வீட்டுப் பரணைத் திறந்ததில்லை.

இந்த நாவல்களைத் தொடர்ந்து படித்தால் உங்களுக்கும் இப்படி ஏதாவது மேலே வரும். அப்போது நான் செய்த மாதிரிச் செய்யாதீர்கள். ஆடி 18 அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மருமகள் பேரன் பேத்தி முன்னால், "கு. யாரும்மா?" என்று கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு 84 வயது. இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். பாயசம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள், கை ஏதாவது வேலையில் இருக்கும்போது கேளுங்கள், ஒரு தடவைதான் கேளுங்கள். அப்புறம் காத்திருங்கள்.

நான் மறுபடி கேட்கவில்லை. அடுத்த மாங்காய்ப் பருவத்தில், அம்மா ஊறுகாய்க்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கொட்டையை நீக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "அவ எனக்கு மூத்தவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பெயரையும் சொன்னார். அக்கா குப்பனூர்ப் பக்கம் இருந்ததாகவும், அன்று கொண்டுவந்த கோடியை அம்மாயி மேல் போர்த்தியது தான்தான் என்றும் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு மஞ்சள் நோட்டை எடுத்துவந்தேன். கடைசிப் பக்கத்தில் எங்கள் கொடியை வரைந்து, அம்மாவுக்கு முன்னால் ஒரு முழுக் கோடு போட்டு, பெரியம்மா என்று எழுதிப் பெயரைச் சேர்த்தேன். "எழுத்து சரியா இருக்கா பாருங்கம்மா" என்று நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பென்சில்ல எழுதியிருக்க. பேனாவுல எழுது" என்றார்.